உரிமப் பதிவேட்டில் ஒரு விதவை

தென் இங்கிலாந்தில் ஒரு கவுண்டி ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறையில் வேலை பார்க்கிறேன். பேனாவுக்கு அனுமதி கிடையாது, பென்சில் மட்டும்தான். பழைய ஏடுகளைப் பஞ்சுத் தாங்கிகளில் விரித்துவைத்துக் கொடுப்பதும், புரியாத கையெழுத்தை உடன் உட்கார்ந்து படித்துக் காட்டுவதும் என் பாடு. முன்னோரைத் தேடி வருகிறவர்களில், 'எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு பப் இருந்தது' என்று ஆரம்பிப்பவர்களைக் கண்டால் எனக்கு உள்ளூரக் கலக்கம். பல நேரங்களில் அது வாடகைக்கு எடுத்த கட்டடமாக இருக்கும். அதை எப்படி மென்மையாகச் சொல்வது என்பதை யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை. "கள்ளுக்கடைக் கணக்கைப் பார்க்கவா உன்னை அவ்வளவு படிக்க வைத்தோம்?" என்று ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்பார். கணக்குதான் அம்மா, ஆனால் கடைக்காரர் எழுதியதல்ல, அரசாங்கம் எழுதியது.

இங்கே மதுக்கடைக்காரரை அரசாங்கம் நீண்ட காலமாகவே சந்தேகத்தோடு பார்த்து வந்திருக்கிறது. 1552ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏல் என்ற பீர் வகையை விற்க விரும்புபவர் இரண்டு உள்ளூர் நீதிபதிகளிடம் உரிமம் பெற்று, கடையில் ஒழுங்கு காப்பேன் என்று பிணைமுறி எழுதிக் கொடுக்க வேண்டும். 1577இல் டோவர் துறைமுகத்தைப் பழுதுபார்க்கப் பணம் திரட்ட நாடு முழுவதும் மது விற்கும் விடுதிகளைக் கணக்கெடுத்தார்கள். 1686இல் இன்னொரு கணக்கு, இந்த முறை சிப்பாய்களைத் தங்கவைக்க. எந்த ஊரில் எத்தனை கட்டில், எத்தனை குதிரைக்கு இடம் என்று எழுதியவர்கள், கட்டிலை விரித்தவரின் பெயரை எழுதவில்லை.

எங்களுக்கு உண்மையில் கைகொடுப்பது 1753ஆம் ஆண்டுச் சட்டம். ஆண்டுதோறும் எழுதப்படும் பிணைமுறிகளைக் கவுண்டி எழுத்தர் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்றது அது. புதிதாகக் கடை போட வருபவர், ஊர்ப் பாதிரியார் போன்றவர்களிடம் நன்னடத்தைச் சான்று வாங்கி வரவேண்டும். ஜாமீன் நிற்பவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் பக்கத்துக் கடைக்காரர்தான். இவருக்கு அவர், அவருக்கு இவர். இந்தப் பதிவேடுகளும் 1828 சட்டத்தோடு நின்றுபோகின்றன. 1830இல் வந்த பீர் சட்டம், வரி கட்டும் வீட்டுக்காரர் எவரும் இரண்டு கினி செலுத்தினால் நீதிபதியைப் பார்க்காமலே பீர் விற்கலாம் என்றது. 1872 சட்டத்துக்குப் பிறகுதான் ஒழுங்கான உரிமப் பதிவேடு திரும்பி வருகிறது. நடுவில் உள்ள நாற்பத்துச் சொச்சம் ஆண்டுகளை ஊர் வணிகர்களின் பெயர்ப் பட்டியல் நூல்களையும் மக்கள்தொகைக் கணக்கையும் வைத்துத்தான் ஒட்டுப்போட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற ஒருவர் வந்தார். 1770களில் அவருடைய முன்னோர் ஒருவர் ஒரு சிற்றூரில் விடுதி நடத்தியவர். உயிலின் நகலும் கையில் இருந்தது. 1858 ஜனவரிக்கு முன் உயில்களை ஏற்றது திருச்சபை நீதிமன்றங்கள். பெரிய சொத்துக்காரரின் உயில் கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்துக்குப் போகும். சிறியவருடையது ஆர்ச்டீக்கன் என்ற உள்ளூர்த் திருச்சபை அதிகாரியின் நீதிமன்றத்தோடு நிற்கும். இவர் சிறியவர். வீட்டைப் பற்றி உயிலில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஆகவே சொந்தக் கட்டடம் அல்ல என்று ஊகித்தேன். பீர் காய்ச்சும் செம்புக் கொப்பரையையும் பீப்பாய்களையும் 'சன் இன் லா'வுக்கு எழுதியிருந்தார்.

மருமகன் என்று படித்துவிட்டேன். மகளின் திருமணத்தைத் தேடி இரண்டு நாள் தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டினேன். மகளே இல்லை. அக்கால ஆங்கிலத்தில் அந்தச் சொல் மனைவிக்கு முந்தைய திருமணத்தில் பிறந்த மகனையும் குறிக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல, அவசரத்தில் மறந்தது. அக்கா மகனையும் மகளின் கணவனையும் ஒரே சொல்லால் மருமகன் என்றழைக்கும் மொழியில் பிறந்த நானே இதில் வழுக்கி விழுந்ததை இன்றும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறுபடி உரிமப் பதிவேட்டுக்குப் போனேன். அந்தக் காலத்துப் பதிவேட்டில் விடுதியின் பெயர் இருக்காது, ஆளின் பெயர் மட்டும்தான். ஆனால் எழுத்தர் ஒவ்வோர் ஆண்டும் முந்தைய பட்டியலைப் பார்த்தே எழுதியிருந்தார். அந்த ஊருக்கு, கடைக்கு ஒன்றாக, மூன்று வரிகள், நம்முடையது எப்போதும் இரண்டாவது. அந்த இரண்டாவது வரியை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே ஏடுகளைப் பின்னோக்கித் திருப்பினேன். முன்னோரின் பெயர் சில ஆண்டுகள். அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் ஒரு பெண்ணின் பெயர், பக்கத்தில் 'விதவை'. அதற்கும் முன்னால் அதே குடும்பப் பெயரில் ஓர் ஆண். முன்னோர் இறந்த பிறகு அந்த வரியில் மீண்டும் பழைய குடும்பப் பெயர் வந்தது. அது அந்த 'சன் இன் லா'.

திருமணப் பதிவேட்டைத் திறந்ததும் முடிச்சு அவிழ்ந்தது. விதவையை மணந்ததால்தான் இந்த மனிதர் விடுதிக்காரர் ஆனார். அதற்கு முன் அவர் சேணம் தைப்பவர். பதிவேட்டில் மூன்று ஆண்கள் மாறி மாறி வருகிறார்கள். அடுப்படியிலும் நிலவறையிலும் இருந்தது ஒரே பெண். கணவன் உயிரோடு இருக்கும் வரை அவள் பெயர் எந்த உரிம ஏட்டிலும் வராது. முதல் கணவனின் சாவுக்கும் மறுமணத்துக்கும் நடுவில் கிடைத்த இரண்டு ஆண்டுகள் மட்டும் அரசாங்கம் அவளை ஆளாக மதித்திருக்கிறது.

முதல் கணவரின் உயிலும் எங்கள் கிடங்கிலேயே இருந்தது. எல்லாவற்றையும் மனைவிக்கு எழுதியிருந்தார், செம்புக் கொப்பரை உட்பட. அவள் மறுமணம் செய்த நாளில், அக்காலச் சட்டப்படி, அந்தக் கொப்பரை புதுக் கணவனுக்குச் சொந்தமாகிவிட்டது. பிறகு அவர் அதை, பெருந்தன்மையாக, அவள் பெற்ற மகனுக்கே எழுதிவைத்திருக்கிறார்!

அந்தப் பெரியவரிடம் இதையெல்லாம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பப் அவர் பெயர் தாங்கிய குடும்பத்துடையது அல்ல, நடுவில் சில காலம் வந்துபோனவர் அவருடைய முன்னோர் என்று. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தான் அந்தப் பெண்ணின் வயிற்று வழியில் வந்தவர்தானா என்று கேட்டார். ஆம், இரண்டாவது திருமணத்தில் பிறந்த மகன் வழியாக என்றேன். உயிலின் நகலை உறைக்குள் வைத்துவிட்டு, 'விதவை' என்று எழுதிய அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். இரண்டு ஆண்டுகளுக்கும் வேண்டுமா என்றேன். இரண்டும் வேண்டும் என்றார்.