ஒரு ஸ்டிக்கருக்கு நாலு நடை

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு சைக்கிளைக் கொண்டுவந்தது ஒரு பகல் வேலை. அதை விடுதியில் நிறுத்திக்கொள்ள ஒரு ஸ்டிக்கர் வாங்கத்தான் இரண்டு வாரம் ஆனது. எந்தக் கல்லூரி என்று எழுதப்போவதில்லை. இன்னும் நாலு செமஸ்டர் அதே கவுண்டரில் போய் நிற்கவேண்டியிருக்கிறது.

பஸ்ஸைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தீவுக்குள் சுங்கை நிபோங் நிலையம் வரை வரும் பஸ்ஸில் டிக்கெட் எடுங்கள். அக்கரையில், பட்டர்வொர்த்தில் இறங்கி மிச்சத்தை மிதித்துக் கடந்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். தீவுக்கு வரும் இரண்டு பாலத்திலும் மோட்டார்பைக் போகலாம், சைக்கிள் போகக்கூடாது. தப்பித்தவறி அங்கே இறங்கிவிட்டால் ஃபெரிதான் கதி. 2023-இல் வந்த புது ஃபெரிகளில் காடி, அதாவது கார், ஏறாது. மோட்டாரும் சைக்கிளும் ஏறும். கரையிறங்கினால் கடலோரமாகவே சைக்கிள் பாதை, மேடு கிடையாது. முதுகில் துணிமூட்டை இல்லாவிட்டால் நல்ல சவாரிதான்.

பஸ்ஸின் அடிவயிற்றில் சைக்கிளைப் படுக்கவைக்கும்போது செயின் பக்கம் மேலே இருக்கவேண்டும். கீழே போனால், பின்சக்கரத்தில் கியர் மாற்றும் கையைத் தாங்குகிற சின்ன அலுமினியத் துண்டு வளைந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஏறி மிதித்தால் கியர் தானாகத் தாவும், செயின் ஸ்போக்கில் போய்ச் சிக்கும். முன்சக்கரத்தைக் கழற்றினால் இன்னொரு வேலையும் உண்டு. டிஸ்க் பிரேக்காக இருந்தால் பேட் இரண்டுக்கும் நடுவில் மடித்த அட்டை ஒன்றைச் செருகுங்கள். எண்ணெய் பிரேக்கில் சக்கரம் இல்லாத நேரம் யாராவது லீவரை அமுக்கிவிட்டால் பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், சக்கரம் திரும்ப உள்ளே நுழையாது. பெடலைக் கழற்ற 15 மில்லிமீட்டர் ஸ்பேனர். இடது பெடலுக்கு மரை தலைகீழ். கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். மற்ற பக்கம் திருப்பித் திருப்பி இறுக்கிவிட்டு, துரு பிடித்துவிட்டது என்று கடைக்குத் தூக்கிப் போகிறவர்கள் நிறையப் பேர்.

இனி ஸ்டிக்கர். விண்ணப்பப் பாரத்தில் 'நொம்போர் சிரி', அதாவது வரிசை எண், என்று ஒரு கட்டம் இருக்கும். சீட் குழாயில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த கிராணி பாரத்தை என் பக்கம் திருப்பி, அந்தக் கட்டத்தைப் பேனாவால் இரண்டு தட்டுத் தட்டினார். "தம்பி, இது மாடல் நம்பர். எல்லா சைக்கிளுக்கும் இதேதான்." எங்கே பார்ப்பது என்று கேட்டதற்கு, "சைக்கிளில்தான்."

அவர் சொல்லாததை நான் சொல்கிறேன். சைக்கிளைக் கவிழ்த்துப் போடுங்கள். இரண்டு பெடல் கையும் சேரும் உருண்டைக் குழாயின் அடியில், பெரும்பாலும் ஃபிரேம் உலோகத்திலேயே குத்தியிருக்கும். சேறும் எண்ணெயும் அப்பியிருப்பதால் பழைய பல்துலக்கியில் பாத்திரச் சோப்பு தொட்டுத் தேய்க்கவேண்டும். அப்படியும் பெயின்ட் மூடி எண் தெரியவில்லையா, மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்து உரசுங்கள், எழும்பி வரும். பூஜ்யமா 'ஓ'வா என்ற சந்தேகம் வந்தால் போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். அந்தப் போட்டோ கைப்பேசியிலேயே இருக்கட்டும். சைக்கிள் காணாமல் போனால் பாலாயில், போலீஸ் நிலையத்தில், முதலில் கேட்பதும் அதைத்தான்.

இரண்டாம் நடையில் எண் சரி, ரசீது இல்லை. பழைய சைக்கிளுக்கு ஏது ரசீது? "அப்போ உன்னோடதுன்னு எப்படித் தெரியும்?" என்றார். கேள்வி நியாயம்தான், ஆனால் முதல் நாளே கேட்டிருக்கலாம். கைமாறி வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும்போதே ஒரு தாளில் விற்றவர் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், தேதி, விலை, அடியில் குத்திய அந்த எண் எல்லாம் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். விற்றவரைப் பிடிக்கமுடியாவிட்டால் பெசுருஹ்ஜாயா சும்பா என்கிற சத்தியப் பிரமாண ஆணையரிடம் போய் சத்தியப் பிரமாணக் கடிதம் எடுக்கலாம். அதற்கு ஒரு அலைச்சல், ஒரு செலவு. எனக்கு விற்ற அண்ணன் வாட்ஸ்அப்பில் அகப்பட்டதால் தப்பித்தேன்.

மூன்றாம் நடை வெள்ளிக்கிழமை, 12.20. தொழுகை நேரம், கவுண்டர் 2.45 வரை மூடியிருந்தது. இந்த நாட்டில் வளர்ந்த எனக்கே அது மறந்துபோனது வெட்கம். நாலாம் நடையில் ஐந்து நிமிடத்தில் ஸ்டிக்கர் கையில்.

ஒட்டும் இடத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு ஒட்டி, மேலே அகலமான கண்ணாடி டேப் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இல்லையென்றால் ரெண்டு மழைக்கு உரிந்துவிடும்.

பூட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிவடம் சின்ன கட்டருக்கே தாங்காது. யூ வடிவ இரும்புப் பூட்டு வாங்கி, ஃபிரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்து, மண்ணில் புதைத்த கம்பத்தோடு பூட்டுங்கள். முன்சக்கரத்தை மட்டும் பூட்டிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது முன்சக்கரம் மட்டும் பத்திரமாக இருக்கும். சீட்டுக்கடியில் கையால் திறக்கிற லீவர் இருந்தால் அதை மாற்றி, சாவி போட்டுத் திருகுகிற ஆலன் போல்ட் போட்டுவிடுங்கள்.

திருடனுக்கு அடுத்தபடி உப்புக்காற்று. வெட்டவெளியில் நிறுத்தினால், ஒரு மழைக்குப் பின் இரண்டு நாளில் செயின் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். டபிள்யூ டி ஃபார்ட்டி ஸ்பிரே அடிப்பது துருவை இளக்கத்தான். அதையே எண்ணெயாக நம்பினால் இருக்கிற எண்ணெயும் கரைந்து போகும். துடைத்துக் காயவிட்டு, சைக்கிள் செயின் எண்ணெயை உருளைக்கு ஒரு சொட்டு வீதம் விடுங்கள். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, பத்து நிமிடம் கழித்து வெளியில் வழிவதை எல்லாம் துணியால் துடையுங்கள். வெளியே மினுமினுப்பாக இருந்தால் மணல்தான் ஒட்டும்.

டயர் காற்றுக்குப் பெட்ரோல் நிலைய மெஷினே போதும், ஆனால் அது காடி வால்வுக்குத்தான் பொருந்தும். மெல்லிய வால்வு டியூபுக்குச் சின்ன பித்தளைத் தலை ஒன்று வாங்கிச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். மெஷின் கிலோபாஸ்கலில் பேசும், டயரில் பிஎஸ்ஐ என்று எழுதியிருக்கும். நூறு கிலோபாஸ்கல் என்றால் பதினாலரை பிஎஸ்ஐ. மலைச்சைக்கிளின் தடித்த டயருக்கு 280 வைத்தால் நாற்பதுக்கு வந்துவிடும்.

செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போகுமுன் விடுதிக் காவலாளி ஜாகாவிடம் ஒரு வார்த்தை சொல்லி, கூரைக்குக் கீழே மாற்றி வையுங்கள். எங்கள் விடுதியில் போன விடுமுறையில் ஸ்டிக்கர் இல்லாததை எல்லாம் பூட்டை வெட்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள். கண்ணாடி டேப் சுற்றிய என்னுடையது மட்டும் கொட்டகையில் தனியாக நின்றது, இரண்டு டயரிலும் காற்றில்லாமல்.