இடுப்ப எறக்கு

போன மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எம்பையன் ரெண்டு செகண்டுல தோத்தான். நான் போனை எடுத்து வீடியோ பட்டனை அமுக்குறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. இங்க டோக்கியோல ஸ்கூல் புள்ளைங்களுக்கு வான்பாக்கு சுமோன்னு ஒரு மல்யுத்தப் போட்டி நடத்துவாங்க, எதிராளியை வட்டத்துக்கு வெளிய தள்ளுனா ஜெயிப்பு, எடைப் பிரிவெல்லாம் கிடையாது, எந்த வகுப்போ அந்த வகுப்புப் பசங்களோட மோதணும். இவன் நாலாங்கிளாசு, 26 கிலோ. எதிர்ல வந்தவனும் நாலாங்கிளாசுதான், ஆனா எப்படியும் 50 கிலோ இருப்பான். டவுசருக்கு மேல சுமோ இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டி, ரெண்டு பேரையும் குனிய வச்சாங்க, நடுவர் குரல் குடுத்தாரு, நான் நிமிர்ந்து பாக்கும்போது எம்பையன் வட்டத்துக்கு வெளிய உக்காந்திருக்கான்.

அழல. எந்திரிச்சு மண்ணத் தட்டிட்டு ஒழுங்கா குனிஞ்சு கும்பிட்டுட்டுதான் எறங்குனான். திரும்பி வரும்போது ரயில்லதான் கேட்டான், சின்னவங்க எப்பவுமே தோத்துருவாங்களான்னு. முதல்ல ஜப்பானீஸ்ல கேட்டான், நான் பதிலே சொல்லலைன்னதும் எனக்குப் புரியலைன்னு நெனச்சு தமிழ்ல இன்னொரு தடவை கேட்டான்.

வந்து ஏழு வருசமாச்சு. எந்தக் கிழமை எந்தக் குப்பைன்னு காலண்டர் பாக்காம சொல்லுவேன், ராத்திரி நிலநடுக்கம் வந்தா எந்திரிக்காம பொரண்டு படுத்துக்குவேன், இனி இதுதான் நம்ம ஊருன்னு போன்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன். அந்த ஒரு கேள்வி என்னை அப்படியே தள்ளிட்டுப் போயி திண்டுக்கல் பக்கத்துல எங்க ஸ்கூல் கிரவுண்டுல நிறுத்திருச்சு.

ஏன்னா நான் கபடிக்காரி. ஒம்பதாவது படிக்கையில டீம்லயே நாந்தான் குட்டை, நாந்தான் ஒல்லி. எங்க பி.டி. டீச்சர் என்னை இடது கார்னர்ல நிக்க வச்சாங்க, பாடி வர்றவ உன்னைப் பாத்துப் பயப்பட மாட்டா, அதனால உம்பக்கம் தைரியமா காலை நீட்டுவா, நீட்டுன காலை மட்டும் விட்ராதன்னாங்க. கணுக்கால் புடிதான் என் வேலை. என்னை விட ஒன்றரை மடங்கு இருந்தவளை எல்லாம் புடிச்சிருக்கேன். நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்னாலே போதும், கிரவுண்டுக்கு அந்தப் பக்கத்துலருந்து டீச்சர் சத்தம் வரும், "இடுப்ப எறக்குடி!"

அதனால எம்பையன்கிட்ட இல்லடா சின்னவங்களும் ஜெயிப்பாங்கன்னு சொல்ல எனக்கு முழு உரிமை இருக்குன்னு நெனச்சேன், சொல்லவும் செஞ்சேன், அன்னைக்கு ராத்திரியே ஹால்ல பாயை ஓரமா சுருட்டி வச்சுட்டு கால் புடி சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சேன்.

அடுத்த வாரம் பிராக்டிஸ்ல அதை செஞ்சு காட்டிட்டான். கோச் நல்ல மனுசன், திட்டல, சிரிச்சாரு. ஆனா கால் இப்ப வேணாம், முதல்ல முன்னால தள்ளிப் பழகட்டும்னு சொல்லிட்டாரு. அங்க எந்நேரமும் ரெண்டு வாக்கியந்தான் கேக்கும். ஒண்ணு "மாஎ நி தேரோ", முன்னால போ. இன்னொண்ணு "கொஷி ஓ ஒடோசே". இதுக்கு என்ன அர்த்தம்னு பக்கத்துல நின்ன ஒரு அம்மாகிட்ட கேட்டேன், அவங்க இடுப்பைத் தொட்டுக் காட்டி கையைக் கீழ எறக்குனாங்க. இடுப்ப எறக்கு! இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்து, வேற பாஷை, வேற ஆட்டம், அதே சத்தம். எனக்கு அங்கயே கண்ணு கலங்கிருச்சு.

ஆனாலும் கோச் சொன்னது மனசுக்குள்ள முள்ளு மாதிரி கெடந்துச்சு. 26 கிலோ புள்ளை 50 கிலோவை முன்னால தள்ளணும்னா எப்படி? சின்னவன்கிட்ட இருக்கறதே வித்தை ஒண்ணுதான், அதையும் வேணாம்னா அவன் என்னத்த வச்சு நிப்பான்? மாசக்கணக்கா இதையேதான் பேசிட்டு இருந்தேன், இவருக்குக் காதே புளிச்சிருக்கும். இவரு எம்பக்கம்தான். ராய்ஸ் கிரேசின்னு ஒரு ஆளு, 80 கிலோ பக்கம்தான், 1993ல எடைப் பிரிவே இல்லாம நடந்த முதல் யுஎஃப்சில, அதாவது எல்லா வகைச் சண்டைக்காரங்களும் மோதுற போட்டில, தன்னை விடப் பெரிய ஆளுங்களைத் தரைல மடக்கியே தோக்கடிச்சாரு, அதே ஆளு 2004 டிசம்பர் 31ல ஒசாகால அகெபோனோவையே ரெண்டரை நிமிசத்துக்குள்ள மடக்கிட்டாருன்னு சொன்னாரு. அகெபோனோன்னா சும்மா இல்ல, யோகொசுனா, சுமோவுல அதுக்கு மேல பட்டமே கிடையாது, 203 சென்டிமீட்டர் உயரம், 200 கிலோவுக்கு மேல. எனக்கு ரொம்ப சந்தோசமாயிருச்சு. ஆனா அகெபோனோவுக்குத் தரைல படுத்துச் சண்டை போடத் தெரியாதுல்ல. தெரியாத ஆட்டத்துல போயி மாட்டுனா எவ்ளோ பெரிய உருவமா இருந்தும் பிரயோஜனம் இல்ல. எதிராளிக்கும் அந்த வித்தை தெரிஞ்சிருந்தா? யுஎஃப்சிலயே கொஞ்ச வருசத்துல எடைப் பிரிவு கொண்டு வந்துட்டாங்க.

அந்தக் கேள்விக்கு பதில் சொன்னது எதிர் வீட்டுப் பாட்டி. ஒபாச்சான்னுதான் கூப்புடுவேன். எண்பதைத் தாண்டியாச்சு, சுமோ நடக்குற மாசத்துல சாயங்காலமானா அவங்க வீட்டு டிவி சத்தம் எங்க வீட்டு வரைக்கும் கேக்கும். "ஷோ யோகு தாய் ஓ செய்சு", சின்னது பெருசை அடக்கும்னு இங்க ஒரு பேச்சு உண்டு, அதை எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவங்கதான். சொல்லிட்டு உடனே 1964 கதையையும் சொன்னாங்க. டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல முதல் தடவையா ஜூடோ சேத்தாங்க, மூணு எடைப் பிரிவுலயும் ஜப்பானுக்குத் தங்கம். கடைசியா எடை வரம்பே இல்லாத பிரிவு. புடோகான் அரங்கத்துல ஊரே உக்காந்து பாக்குது, நெதர்லாந்துலருந்து வந்த ஆன்டன் கேசிங்க், 198 சென்டிமீட்டர், ஜப்பானோட காமினாகாவைத் தரையோட அமுக்கிப் புடிச்சு ஜெயிச்சுட்டாரு. மென்மை வன்மையை ஜெயிக்கும்னு சொல்லி வளந்த ஜனங்க அழுதுட்டாங்களாம். ஒபாச்சான் சொன்னாங்க, அவன் பெரிய ஆளுங்கறதுக்காக நாங்க அழல, அவன் எங்க வித்தையையும் எங்களை மாதிரியே கத்துக்கிட்டு வந்திருந்தான், அதான் அழுதோம்னு.

நான் பேசாம டீயைக் குடிச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

செப்டம்பர்ல டோக்கியோ ரியோகொகுல இருக்குற சுமோ மண்டபம் கொகுகிகானுக்கு மூணு பேரும் போனோம். பாஷோங்கற பெரிய சுமோ போட்டி வருசத்துக்கு ஆறு, அதுல மூணு டோக்கியோல, ஒவ்வொண்ணும் 15 நாள். ரயில்லயே ரெண்டு இளவட்ட சுமோக்காரங்க நின்னாங்க, யுகாதாங்கற பருத்தி அங்கி, மேல வாரிக் கட்டுன கொண்டை, கொண்டைக்குப் போடுற எண்ணெய்லருந்து ஒரு இனிப்பு வாசனை. கண்ண மூடிக்கிட்டேன். மேட்சுக்குப் போற அன்னைக்கு அம்மா என் தலைல எண்ணெயை வச்சு முடியைப் புடிச்சு இழுத்து ரெட்டை ஜடை போட்டு மடிச்சுக் கட்டுவாங்க, எவளும் உன் முடியைப் புடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டே. ஸ்டேஷன் வந்தது கூடத் தெரியல, பையன் கையைப் புடிச்சு இழுத்தான்.

உள்ள போனா யாகிதோரி வாசனை, குச்சில குத்திச் சுட்ட கோழி. கோழி ரெண்டு கால்ல நிக்குது, சுமோல கை தரைல பட்டாத் தோல்வி, அதனால கோழிதான் ராசின்னு இங்க சொல்லுவாங்களாம். எம்பையன் அதுக்காகவே ரெண்டு குச்சி கூட தின்னான். மத்தியானத்துக்கு மேல பெரிய ஆளுங்க வந்து உப்பை அள்ளி வீசும்போது நான் இவர் தோளைத் தட்டி, பாருங்க உப்பு சுத்திப் போடுறாங்கன்னேன். அப்பத்தா என் தலையைச் சுத்தி மூணு தடவை உப்பைச் சுத்தித் தண்ணில போடும், அது கரையக் கரைய கண்ணேறும் கரையும்னு சொல்லும். இவங்க மேடையைச் சுத்தம் பண்ணத்தான் போடுறாங்க, ஆனா எனக்கு அது அப்பத்தா கைதான். அந்த மேடையில இன்னைக்கும் பொம்பளைங்க கால் வைக்கக் கூடாதுன்னு வச்சிருக்காங்க. அது சரியில்ல. கபடி ஆடுன காலு இது, உறுத்தாம என்ன செய்யும்.

ஆனா நான் சொல்ல வந்தது காலைல நடந்தது. காலைல கீழ்ப் பிரிவு ஆட்டம், மண்டபமே காலியா இருக்கும். கீழ்ப் பிரிவுக்காரங்களுக்கு ஒரு பாஷோல ஏழு ஆட்டந்தான், மேல ரெண்டு பிரிவுக்குப் போனாதான் சம்பளமே. அங்க ஒரு ஒல்லிப் பையன் வந்தான், எதிராளி ரெண்டு மடங்கு. மோதுன உடனே ஒல்லிப் பையன் தலையை அவன் நெஞ்சுல முட்டிக் குடுத்து, ஒரு அடி, ஒரே ஒரு அடிதான் பின்னால போக வச்சான். பெரியவன் எரிச்சலாகி மேல சாஞ்சான் பாருங்க, சாஞ்ச நொடில முழு எடையும் ஒத்தைக் கால்ல. இவன் தொபுக்குன்னு கீழ எறங்கி இன்னொரு காலை ரெண்டு கையால கட்டிப் புடிச்சுத் தூக்கி வெளிய கொண்டு போயிட்டான். நான் சீட்டை விட்டு எந்திரிச்சுக் கத்திட்டேன், கணுக்கால் புடி இல்ல, இது கொஞ்சம் மேல, ஆனா அதே புடிதான்! அதுக்குப் பேரு அஷிதோரி, ஜெயிக்கிற வழின்னு அவங்க கணக்குல இருக்குற 82ல ஒண்ணு.

அப்பதான் கோச் சொன்னது விளங்குச்சு. முன்னால தள்ளாம அந்தக் கால் வராது. பெரியவன் சாயணும், சாயணும்னா அவனை ஒரு அடியாவது அசைக்கணும், அசைக்க பலம் வேணும். வித்தைங்கறது பலத்துக்குப் பதிலா வர்ற சாமான் இல்ல. ஒபாச்சான் உசுரா நெனைக்கிற யோகொசுனா சியோனோஃபுஜி 126 கிலோ பக்கந்தான், அவரைத்தான் ஓநாய்னு கூப்புடுவாங்க. தோள்பட்டை அடிக்கடி நழுவும், அதைக் காப்பாத்த உடம்பையே இரும்பாக்குனாரு, 31 பாஷோ ஜெயிச்சாரு. ஹவாய்லருந்து வந்த கொனிஷிகி, ஒரு காலத்துல 287 கிலோ, 1984ல முதல் தடவை மோதுனப்ப சியோனோஃபுஜியைத் தள்ளியே வெளியேத்திட்டாரு. அதுக்கப்புறம் மோதுனதுல பெரும்பாலும் ஜெயிச்சது சியோனோஃபுஜிதான். அந்தப் பக்கம் பாத்தா ஒரோரான்னு ஒரு ரஷ்யக்காரரு, 292 கிலோவுக்கு மேல, சுமோ சரித்திரத்துலயே அதிக எடை, கடைசி வரைக்கும் சம்பளப் பிரிவைத் தொடாமயே 2018ல ரிட்டயராகிட்டாரு. வெறும் எடையும் ஜெயிக்காது.

ஆனா எடை வட்டி வாங்கிட்டே இருக்கும். மைனோஉமின்னு ஒருத்தரு, அப்ப 173 சென்டிமீட்டர் இருந்தாதான் சேத்துக்குவாங்கன்னு மண்டைத் தோலுக்கடியில சிலிகான் வச்சு உயரம் காட்டி உள்ள வந்தவரு, கொனிஷிகியையே தோக்கடிச்சவரு. அதே கொனிஷிகி 1996ல அவர் மேல விழுந்து முட்டி போச்சு. என்ஹோ 168 சென்டிமீட்டர், 100 கிலோ இல்ல, சராசரியே 160 கிலோ பக்கம் இருக்குற உச்சப் பிரிவுல 2019ல வந்து கலக்குனாரு, வித்தைக்கான பரிசே வாங்குனாரு. 2023ல கழுத்துல அடிபட்டு ஒரு வருசத்துக்கு மேல ஆடல, 2024 ஜூலைல ஆறு பிரிவுல கடைசிப் பிரிவுலருந்து மறுபடி ஆரம்பிச்சாரு. ஒரு ஆட்டத்துல சின்னவன் ஜெயிச்சுருவான். தினம் தினம் அந்த எடையை நெஞ்சுல வாங்கணும்ல, சின்னது பெருசை அடக்கும்ங்கற பேச்சுல அதுக்கு எடம் இல்ல.

அந்த மண்டபத்துல உக்காந்துதான் இன்னொண்ணும் உறைச்சுச்சு. நான் அவ்வளவு பெரியவளை எல்லாம் புடிச்சேன்னு பெருமை பேசுறேனே, நான் புடிச்சது கணுக்கால் மட்டுந்தான். புடிச்ச அடுத்த நொடி பக்கத்துல நின்னவ வந்து இடுப்பைக் கட்டுவா, அடுத்தவ தோளு, அடுத்தவ மேலயே விழுவா. ஏழு பேரு. நான் நெஞ்சு மண்ணுல தேய கண்ணை மூடிட்டு விடாமப் புடிச்சிருந்தா போதும், மேல ஆள் வந்துரும்னு ஒரு நம்பிக்கை இருக்கும், ஒரு நாளும் வராம இருந்ததில்ல. எம்பையன் அந்த வட்டத்துக்குள்ள ஒத்தையா நிக்கிறான். நாங்களும் இங்க அப்படித்தான். அவனுக்கு நிமோனியா வந்து ஆஸ்பத்திரில கெடந்தப்ப நானும் இவரும் மாத்தி மாத்தி லீவு போட்டோம், கட்டிப் புடிக்க மூணாவது கை இல்ல. பழகிருச்சு பழகிருச்சுன்னு சொன்னேனே, நாலரைமணி மீட்டிங் நடுவுல சில நாள் சும்மாவே அந்தச் செம்மண் வாசனை மூக்குல ஏறும், என்ன பேசுனாங்கன்னே தெரியாது.

கால் புடியை விட்டுட்டேன். இப்ப தினம் ராத்திரி ஹால்ல அவன் என்னைத் தள்ளணும். கீழ் வீட்டுக்காரங்க தூங்குவாங்கன்னு காலை ஓங்கி மிதிக்க விடுறதில்ல, பாதத்தைத் தேச்சுத் தேச்சு நகர்றதுதான், அதுவும் சுமோல ஒரு பயிற்சியே. தலை என் வயித்துல முட்டும், நான் பின்னால சாஞ்சு எடையைக் குடுப்பேன், அவன் பல்லைக் கடிச்சுட்டு ஒரு அடி, இன்னொரு அடி. ரெண்டு கிலோ ஏறியிருக்கான்.

போன வாரம் பிராக்டிஸ்ல பாத்தா அதே மே மாசத்துப் பையன். இந்தத் தடவை நான் முன்னாடியே வீடியோவைப் போட்டுட்டேன். எம்பையன் தோத்தான். ஆனா வீடியோ 11 செகண்டு ஓடுது, அதுல ஒரு தடவை அந்தப் பெரிய பையன் பின்னங்கால் கோட்டுல போயி நிக்குது. அப்பாவுக்கு அனுப்புனேன், அப்பா அதை எங்க பி.டி. டீச்சருக்கு அனுப்பிட்டாரு, அவங்க ரிட்டயராகி அதே தெருவுலதான் இருக்காங்க. மறுநாள் வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு, இத்தனை வருசத்துல குரல் மாறவே இல்ல. "தோத்தானா? தோக்கட்டும். இடுப்பு இன்னும் ஒரு சாண் எறங்கணும்னு சொல்லு அவன்கிட்ட."

பையன் ரெண்டு தடவை போட்டுக் கேட்டான். "ஒரு சாண்னா எவ்ளோம்மா?"

கையை விரிச்சு அவன் இடுப்புலருந்து கீழ வச்சுக் காட்டுனேன்.