சித்திரைத் துரு

ஏப்ரல் 15 தாண்டிவிட்டது. எங்கள் ரொறன்ரோப் பக்கத்தில் பனி தள்ளுகிற ஒப்பந்தங்கள் பெரும்பாலும் நவம்பர் 15 தொடங்கி ஏப்ரல் 15 வரைதான், அதனால் இனி இரவு இரண்டு மணிக்கு அலாரம் இல்லை, ஜன்னல் திரையை விலக்கித் தெருவிளக்கின் கீழ் பனி விழுகிறதா என்று பார்க்கும் வேலையும் இல்லை. இந்த நேரத்தில் எல்லாருக்கும் வருகிற எண்ணம் ஒன்றுதான்: ட்ரக்கின் முன்னால் பூட்டிப் பனி தள்ளுகிற பிளேட்டைக் கழற்றி வேலியோரம் போட்டுவிட்டு நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம். நானும் முதல் வருடம் அதைத்தான் செய்தேன்.

எட்டு அடி இரும்பு பிளேட், பழையதாக வாங்கி முக்கால் டன் ட்ரக்கில் பூட்டியது. சீசன் முடிந்ததும் ஸ்காபரோ வீட்டுப் பின்வளவில் புல்லுக்கு மேலேயே இறக்கி, நீல நிற டார்ப்பால் நன்றாக இறுக்கிக் கட்டி, ஏதோ பெரிய பராமரிப்புச் செய்துவிட்ட திருப்தியோடு கோடை முழுக்க அந்தப் பக்கமே போகவில்லை. நவம்பரில் அவிழ்த்தபோது துரு இருந்தது, சரி, இரும்பென்றால் துரு இருக்கும் என்று பூட்டிவிட்டேன். டிசம்பர் முதல் பெரிய பனி, ஒரு சின்ன பிளாசாவின் வாகனத் தரிப்பிடம், விடிய நாலு மணி. பிளேட்டை இடப்பக்கம் திருப்பினேன், திரும்பியது. வலப்பக்கம் திருப்பினேன், பாதியில் நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் வெள்ளைப் பனியில் நீல நிறத்தில் ஹைட்ராலிக் எண்ணெய் சொட்டிக் குழி விழுந்திருக்கிறது. டோர்ச் அடித்துப் பார்த்தேன். பிளேட்டைத் தள்ளுகிற ராமின் (எண்ணெய் அழுத்தத்தில் நீண்டு சுருங்குகிற உருளை) குரோம் தண்டில், ரவை தூவிவிட்டதுபோல் பொடிப்பொடியாகத் துருப்புள்ளிகள். தண்டு உள்ளே போய் வெளியே வரும்போதெல்லாம் அந்தப் புள்ளிகள், எண்ணெயை ஒழுகவிடாமல் பிடிக்கிற ரப்பர் ‘சீல்’ வளையத்தை அரம்போல் அராவியிருக்கின்றன. இதே தொழிலில் இருக்கிற ஒரு அண்ணை தன் இடத்தை முடித்துவிட்டு வந்து என் இடத்தையும் தள்ளித் தந்தார். கடைக்காரர்கள் அடுத்த வருடம் என்னைக் கூப்பிடவில்லை, அதில் அவர்கள்மேல் பிழையும் இல்லை.

அன்றைக்கு நான் ஏசியது குளிரை. உண்மையில் அந்தத் தண்டு கெட்டது குளிரில் இல்லை, மே, ஜூனில். உப்பும் ஈரமும் சேர்ந்தால் துரு ஓடும், ஆனால் மைனஸ் பதினைந்தில் அது நத்தை வேகத்தில்தான் ஓடும். வெயில் ஏறி இருபது டிகிரி ஆனதும் அதே உப்பு வேகம் பிடிக்கிறது. அதிலும் ரோட்டுக்குப் போடுவது வெறும் சோடியம் குளோரைட் மட்டும் இல்லை, கல்சியம் குளோரைட், மக்னீசியம் குளோரைட் கலவைகளும் உண்டு, அவை காற்றிலிருக்கிற ஈரத்தைத் தாமாகவே உறிஞ்சி வைத்திருக்கும். மழையே பெய்யாவிட்டாலும் இரும்பு நனைந்தபடிதான் இருக்கும். அதற்குமேல் டார்ப்பை இறுக்கிக் கட்டினால், புட்டுப்பானைக்கு மூடி போட்டது மாதிரி.

அப்பாவுக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவை இருக்கவில்லை. பருத்தித்துறையில் கடலுக்குக் கிட்ட வீடு, உப்புக்காற்று, அவருடைய ராலி சைக்கிளின் ரிம்மை வாரத்துக்கு ஒருமுறை தேங்காயெண்ணெய் தோய்த்த பழந்துணியால் துடைப்பார். என் பிளேட்டை முதல்முறை வெயிலில் பார்த்துவிட்டு, "மண்வெட்டியையே கழுவி வைக்கிறனாங்கள், நீ இவ்வளவு காசு குடுத்து வாங்கின சாமானை உப்போட விட்டிருக்கிறாயே தம்பி" என்றார். கேட்டிருக்கலாம்.

இப்போது என் முதல் வேலை கழுவுவது, அதுவும் ஒருமுறை இல்லை, இரண்டுமுறை. காசு போடும் கார்வாஷுக்கு ட்ரக்கோடு கொண்டுபோய் பிளேட்டின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் நேரத்தைச் செலவழியுங்கள். முன்பக்கம் பனியே உரசிப் பளபளவென்று வைத்திருக்கும். உப்பு ஒளிந்திருப்பது பின்னால், நெடுக்கு விலாச்சட்டங்கள் அடிச்சட்டத்தோடு சேருகிற மூலைகளில், ஸ்பிரிங் கொக்கிகளில், அடியில் பூட்டியிருக்கிற கட்டிங் எட்ஜ் பட்டைக்கும் தகட்டுக்கும் இடையிலிருக்கிற மெல்லிய பிளவில். ராம் சீலுக்கும் வயர் பிளக்குகளுக்கும் நேரே அழுத்தத் தண்ணீர் அடிக்க வேண்டாம், அது உப்பை வெளியே எடுப்பதற்குப் பதில் உள்ளே தள்ளிவிடும். ஒரு கிழமை காயவிட்டுப் பார்த்தால் அந்த மூலைகளில் திரும்பவும் வெள்ளை பூத்திருக்கும். அது உப்பா, பெயின்ற் தூசா என்று தெரியாமல் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன் (நீங்கள் செய்யாதீர்கள்), உப்புத்தான். அதற்குத்தான் இரண்டாவது கழுவல்.

பெயின்ற் வேலை பெரிய கலை இல்லை. கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி, ப்ரைமர் அடித்து, மேலே ஏதாவது எனாமல். நிறம் பொருந்தவில்லை என்று யாரும் கேட்கப் போவதில்லை.

கட்டிங் எட்ஜ்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம். நிலத்தோடு உரசித் தேய்வதற்கென்றே இருக்கிற கடின இரும்புப் பட்டை அது. என்னுடையது புதிதில் ஆறு அங்குல உயரம். டேப் வைத்து இரண்டு முனையிலும் அளந்து பாருங்கள், ஒரேமாதிரி இருக்காது, நீங்கள் எந்தப் பக்கம் அதிகம் திருப்பித் தள்ளுகிறீர்களோ அதைப் பொறுத்து ஒரு முனை முன்கூட்டியே கரைந்திருக்கும். சில பட்டைகளைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டி இன்னொரு சீசன் ஓட்டலாம். ஆனால் பட்டை முழுக்கத் தேய்ந்து மேலேயுள்ள பெரிய தகடே நிலத்தில் உரசத் தொடங்கிவிட்டால் செலவு வேற லெவல். போல்ட்டுகளை மட்டும் நவம்பரில் கழற்றலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். அதன் தலைக்குக் கீழே சதுரக் கழுத்து இருக்கும், போல்ட் சுற்றாமல் பிடித்துக்கொள்வதற்காக; துரு ஏறியபின் அந்தக் கழுத்து ஓட்டையோடும் நட் மரையோடும் ஒன்றாகிவிடும், இம்பாக்ட் கன் கத்தும், நட் அசையாது.

ஹைட்ராலிக் எண்ணெயை எப்போது மாற்றுவது என்பதில் ஆளுக்கொரு கருத்து. நிறையப் பேர் சீசனுக்கு முன்னால் மாற்றுகிறார்கள். எனக்கு வசந்தத்தில் மாற்றுவதுதான் சரியாகப் படுகிறது. குளிர்காலம் முழுக்கச் சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து, எண்ணெய்த் தொட்டிக்குள் வியர்த்துத் தண்ணீர் சேர்ந்திருக்கும். வடித்த எண்ணெய் பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் வந்தால் சந்தேகமே வேண்டாம். அந்தத் தண்ணீரை ஏழு மாதம் பம்புக்குள் ஏன் ஊற வைக்க வேண்டும்? அப்படியே விட்டால் உள்ளே துரு பிடிக்கும், மிச்சம் ஜனவரியில் வால்வுக்குள் உறைந்து பிளேட்டை அசையவிடாது. குளிருக்கென்று வருகிற மெல்லிய எண்ணெயையே ஊற்றுங்கள், கராஜில் மூலையில் கிடக்கிற எதையும் கலக்காமல்.

அப்புறம் அந்தக் குரோம் தண்டு. பிளேட்டைத் தரையில் இறக்கினால் தூக்குகிற ராம் தானாக உள்ளே போய்விடும். திருப்புகிற ராம்கள் இரண்டும் அப்படி இல்லை: பிளேட் நேராக நிற்கும்போது இரண்டு தண்டும் பாதி வெளியே இருக்கும், ஒன்றை முழுக்க உள்ளே தள்ளினால் மற்றது முழுக்க வெளியே வரும். ஆகவே நேராக விட்டு, வெளியே தெரிகிற பாதி முழுவதும் கிரீஸை வெண்ணெய் தடவுவதுபோல் தடித்துப் பூசிவிடுகிறேன். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தைச் செய்யாமல் ஒரு பிளாசாவை இழந்தேன்.

பிளக்குகளுக்கு மின்சார கிரீஸ் தடவி மூடி போட வேண்டும், பிளேட் பக்கம் மட்டுமில்லை, ட்ரக் பக்கமும், ஏனென்றால் ட்ரக் கோடையிலும் மழையில் ஓடும். பிளேட்டை இயக்குகிற கொன்ட்ரோலர் வீட்டுக்குள், மேசை லாச்சியில். வயரை மேலே சுருட்டிக் கட்டுங்கள், தரையில் கிடந்தால் எலிக்கு விருந்து. ஆகஸ்டில் ஒருமுறை எட்டிப் பாருங்கள், விலாச்சட்டங்களுக்கு நடுவில் குளவி கூடு கட்டியிருக்கும், அதை நவம்பரில் கையை விட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

வைக்கிற இடம் புல் வேண்டாம், மண்ணும் வேண்டாம். என்னுடையது முந்நூறு கிலோவுக்குமேல், தனியாகத் தூக்க நினைக்கவே கூடாது, ட்ரக்கில் இருக்கும்போதே உயர்த்தி, கீழே நாலுக்கு நாலு அங்குல மரக்கட்டைகளைப் போட்டு அதன்மேல் இறக்கிக் கழற்றுவதுதான் வழி. மேலே முழுக்க ஃப்ளூயிட் ஃபிலிம் என்கிற துருத்தடுப்பு எண்ணெய் அடிப்பேன், செம்மறி ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற கொழுப்பில் செய்வது, மணமும் அப்படித்தான் இருக்கும், இரண்டு நாள் வீட்டுக்காரி பின்கதவைத் திறக்கமாட்டாள். டார்ப்பை மேற்பக்கம் மட்டும் போட்டுப் பக்கங்களைத் திறந்து விடுகிறேன், காற்று ஓட வேண்டும்.

இந்தச் சனிக்கிழமை எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். பட்டையில் இரண்டு போல்ட் இன்னும் வரவில்லை. அப்பா கதிரையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, மணித்தியாலத்துக்கு ஒருமுறை அதற்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார், தேங்காயெண்ணெய் இல்லை, நான் செக் பண்ணினேன். நாளைக்கும் அசையாவிட்டால் வெட்டத்தான் வேண்டும்.