மைனாவின் கழுத்து

கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நான் வரைந்த பறவைகள் எல்லாம் மைனாக்கள்தான். எதிரே கிளையில் இருந்தது கருந்தொப்பிச் சிக்கடி என்னும் குட்டிப் பறவை. தாளில் வந்ததோ கறுப்புத் தொப்பி போட்ட மைனா. வரைந்தது மைனா என்று தெரியாமலே படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டேன். முன்பின் அறியாத ஒருவர் மரியாதையாகவே கேட்டிருந்தார்: "படம் அழகாக இருக்கிறது. ஆனால் இதற்குக் கழுத்து எங்கிருந்து வந்தது?"

கோபம்தான் வந்தது. மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். கழுத்து இல்லை.

சிக்கடியின் எடை 10, 12 கிராம்தான். உருண்டையான தலை, உருண்டையான உடலின்மேல் அப்படியே உட்கார்ந்திருக்கும். குளிர் கூடினால் இறகுகளைச் சிலிர்த்து, இடையே காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் காற்றுதான் அதற்குக் கம்பளி. அந்த நேரத்தில் அலகும் வாலும் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பஞ்சுருண்டை. என் கண் அதைப் பார்த்திருக்கிறது, கைதான் பார்க்கவில்லை. சிறு வயதிலிருந்து மைனாவையும் காகத்தையும் கிறுக்கிப் பழகிய கை, பறவை என்றதும் கழுத்தை இழுத்துவிடுகிறது. மொழியைவிடக் கைதான் மெதுவாகக் குடியேறுகிறது போலும்.

அதன்பிறகு முறையை மாற்றினேன். முதலில் ஒரே ஒரு கோடு: உடல் எந்தச் சாய்வில் இருக்கிறது என்பதற்கு. அதன்மேல் இரண்டு வட்டங்கள். கண், அலகு, இறகு எல்லாம் கடைசியில். பறவை திரும்பிவிட்டால் அந்தப் படத்தை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொன்றைத் தொடங்குவேன். ஒரு தாளில் ஏழெட்டு அரைகுறைப் பறவைகள் கிடக்கும். பழைய நிலைக்கு அது மறுபடி வரும்போது பழைய படத்துக்குத் திரும்பலாம்; எப்படியும் வரும், பறவைகளுக்கும் உட்காரும் பழக்கங்கள் உண்டு. காலில் பின்பக்கமாக மடங்குவதை முழங்கால் என்று வெகுநாள் எண்ணியிருந்தேன். அது கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. இது தெரிந்த பிறகுதான் என் பறவைகள் விழாமல் நிற்கத் தொடங்கின.

குளிர் வேறு தன் பங்குக்குப் பாடம் நடத்தியது. பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியில் நீர்வண்ணத்தைத் திறந்தேன். தூரிகையில் இருந்த தண்ணீர் தாளைத் தொட்டதும் உறைந்து, ஊசி ஊசியாகப் பனிக்கோலம் போட்டது. பார்க்க அழகுதான், ஆனால் அதில் பறவை இல்லை. பந்துமுனைப் பேனாவும் மூச்சை நிறுத்திவிட்டது. பென்சில் மட்டும் எந்தக் குளிருக்கும் அசையவில்லை. அன்றிலிருந்து வெளியே பென்சில், ஓரத்தில் நிறக் குறிப்புகள். வண்ணம் வீட்டுக்கு வந்துதான்.

டொராண்டோவில் ஏரிக்குள் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் ஒரு நிலம் உண்டு. 1950களில் தொடங்கி, நகரத்தின் கட்டட இடிபாடுகளைக் கொட்டிக் கொட்டி உண்டாக்கியது. செங்கல்லும் துருப்பிடித்த கம்பியும் இன்னும் கரையில் தெரியும். இப்போது அது டாமி தாம்சன் பூங்கா. அங்கே ஆயிரக்கணக்கில் நீர்க்காகங்கள் கூடு கட்டுகின்றன. சிறகை விரித்துக் காயவைத்தபடி அசையாமல் நிற்கும். ஓவியருக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. முதல் முறையே சரியாக வந்த பறவை அதுதான். ஊரிலும் நீர்க்காகம் உண்டல்லவா, கைக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

அந்தக் கரையில்தான் ஒரு தவறும் செய்தேன். குளிர்காலத்தில் வடதுருவப் பகுதியிலிருந்து பனி ஆந்தைகள் இறங்கி வரும். மரமே இல்லாத நிலத்துப் பறவை என்பதால் வெட்டவெளியில், கல்லோடு கல்லாகத் தரையில் உட்கார்ந்திருக்கும். ஒரு மணி நேரம் வரைந்தேன். அன்று மாலையே, எந்தக் கரை, எந்த மேடு என்று எழுதிப் படத்தைப் போட்டுவிட்டேன். அடுத்த நாள் அங்கே கேமராக்களோடு ஒரு கூட்டம் நின்றது. யாரோ இன்னும் இரண்டடி முன்னால் போக, பகலில் ஓய்வெடுக்க வேண்டிய ஆந்தை எழுந்து பறந்தது. பறவை பார்ப்பவர்கள் கண்டதைப் பதிந்துவைக்கும் இபேர்ட் இணையதளம் சில பறவைகளின் இடத்தை ஏன் மறைத்து வைக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. இப்போது ஆந்தைப் படத்தைப் பல வாரம் கழித்தே போடுகிறேன், இடம் குறிப்பிடாமல். விருப்பக்குறிகள் குறைகின்றன, குறையட்டும்.

வட அமெரிக்கப் பறவைகளை வரைந்து புகழ்பெற்ற ஆடுபனும் புலம்பெயர்ந்தவர்தான். இன்றைய ஹெய்ட்டியில் பிறந்து, பிரான்சில் வளர்ந்து, 1803இல் அமெரிக்காவுக்கு வந்தவர். பறவைகளைச் சுட்டு, கம்பியில் கோத்து நிற்கவைத்து வரைந்தார். பறக்காத பறவை கிடைத்தால் நானும் கழுத்தைச் சரியாகப் போட்டிருப்பேன் என்று அற்பமாக ஒரு பொறாமை அவ்வப்போது எட்டிப்பார்க்கிறது.

போன மாதம், மூன்றாவது குளிர்காலம் முடியும் நேரத்தில், மழைக்கு வெளியே போக முடியாமல் நினைவிலிருந்து ஒரு மைனா வரைந்தேன். மஞ்சள் அலகு, கண்ணருகே மஞ்சள் தோல், சிறகில் வெள்ளைப் பட்டை, எல்லாம் இருந்தன. ஊரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"கழுத்து எங்கே அக்கா?"