இந்தப் படம் யாருக்கு?

வெண்கலச் சிலையைப் படம் எடுக்கப் போனால் முதலில் படத்தில் விழுவது நாம்தான். மெருகு போட்ட சிலையின் வயிற்றிலும் தொடையிலும் கேமரா, ட்ரைபாட், நாம் போட்டிருக்கும் சட்டை, முதுகுக்குப் பின்னால் திறந்து கிடக்கும் கதவு, கதவுக்கு வெளியே நிற்கும் ஆக்டிவா வரை எல்லாம் குட்டி குட்டியாக வளைந்து தெரியும். பிரதிபலிப்பைக் குறைக்கிற போலரைசர் ஃபில்டரை லென்ஸில் போட்டால் போய்விடுமே என்பார்கள். தண்ணீருக்கும் கண்ணாடிக்கும் அது சரி, வெறும் உலோகத்தின் மேல் அந்த வித்தை பலிக்காது. வெண்கலத்தை எடுக்கிறோம் என்று பேர், உண்மையில் அதில் எது பிரதிபலிக்கிறதோ அதைத்தான் எடுக்கிறோம். எதிரே வெள்ளை வேட்டியைக் கட்டினால் சிலை வெளுத்துப் பளபளக்கும், கறுப்பு சார்ட்டை நிறுத்தினால் அந்தப் பக்கம் இருண்டு வளைவு எழும்பி வரும். அப்படியானால் எதை வைப்பது? அதற்குப் பதில் சிலையிடமும் இல்லை, கேமராவிடமும் இல்லை.

கும்பகோணம், சுவாமிமலைப் பக்கம் சிலைகளையும் பட்டறைகளையும் படம் எடுப்பது என் தொழிலில் பாதி. மீதிப் பாதி கல்யாணம், காதுகுத்து, அதை இன்னொரு நாள் பேசலாம். "ஐடியா எல்லாம் எங்கிருந்து சார் வருது?" என்று புதிதாக வருகிற பையன்கள் கேட்பார்கள். எனக்குத் தெரிந்து ஐடியா வருகிற ஒரே வழி, இந்தப் படத்தை யார் பார்க்கப்போகிறார்கள், பார்த்து என்ன செய்யப்போகிறார்கள் என்று எடுப்பதற்கு முன்னாலேயே கேட்டுக்கொள்வதுதான். அது தெரிந்துவிட்டால் லைட் எங்கே, நாம் எவ்வளவு தள்ளி நிற்பது, எதை வெளியே விடுவது எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்துவிடும். தெரியாவிட்டால் எவ்வளவு நல்ல கேமராவாக இருந்தாலும் சிலையைச் சுற்றிப் பிரதட்சணம் செய்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

ஒரே நடராஜரை எடுத்துக்கொள்வோம். ஏற்றுமதி செய்கிறவர் கேட்லாக் படம் கேட்கிறார். அவருடைய வாடிக்கையாளர் எங்கோ உட்கார்ந்து திரையில் பார்த்துவிட்டுப் பணம் கட்டப்போகிறவர். அவருக்கு மர்மம் எதுவும் வேண்டாம், வாங்குவது என்ன என்று தெரிந்தால் போதும். இரண்டு பக்கமும் வெள்ளைத் துணி, துணிக்குப் பின்னால் லைட், ஓரத்தில் ஒல்லியாக வெட்டிய கறுப்பு சார்ட். அந்தக் கறுப்புப் பட்டை சிலையின் விளிம்பில் மெல்லிய கோடாக விழும், அது இல்லாவிட்டால் வெள்ளைப் பின்னணியில் இடுப்பும் தோளும் கரைந்துபோய்விடும். லென்ஸ் துளையை எஃப்11க்குச் சுருக்கினால், கீழே பீடத்திலிருந்து சிலையைச் சுற்றிய தீ வளையமான திருவாசியின் நுனிச் சுடர் வரை ஷார்ப். வேலை முடிந்தது. இதில் கற்பனை எங்கே என்று கேட்டால், அந்தக் கறுப்புப் பட்டையை ஒரு விரற்கடை நகர்த்தினால் விளிம்பு எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம், எனக்கு அதிலேயே மதியச் சாப்பாடு தள்ளிப்போயிருக்கிறது.

அதே சிலையை ஸ்தபதி தனக்காக ஒரு படம் கேட்டால் கதை வேறு. அவர் பார்ப்பது அளவு. சிலையின் உயரத்துக்குத் தென்னங்குருத்தோலையைக் கிழித்து, அதை மடித்து மடித்து முகம் எவ்வளவு, கழுத்து எவ்வளவு, மார்பு எவ்வளவு என்று குறித்துக்கொள்வார்கள். ஒடியோலை என்று பெயர். சிவன், விஷ்ணு போன்ற பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாலம் என்கிற அளவுமுறை, மொத்த உயரத்தை 124 பங்காகப் பிரிப்பார்கள். இப்படி ஓலையை வைத்து அளந்து செய்ததை ஒருவர் போனைக் கிட்டக் கொண்டுபோய் எடுத்தால் முன்னால் நீட்டிய கை பெருத்து, கால் சிறுத்துப்போகும். அப்படி ஒரு வெளியூர்க்காரர் எடுத்த படத்தை ஸ்தபதி என்னிடம் காட்டினார். "பாருங்க தம்பி, இது நான் செஞ்சது இல்லையே" என்றார். கோபம்கூட இல்லை, ஏதோ வேறு பட்டறைச் சிலையைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. நமக்கு லென்ஸ் என்பது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம். அவருக்கு அது சாஸ்திரத்தை மீறுவது. அவருக்கான படம் என்றால் 100 எம்எம் லென்ஸைப் போட்டுக்கொண்டு பட்டறைச் சுவர் முதுகில் இடிக்கும்வரை பின்னால் போக வேண்டும், கேமரா சிலையின் நடு உயரத்தில் நேராக நிற்க வேண்டும், ஒரு பக்கமிருந்து சாய்வாக வருகிற வெளிச்சத்தில் உளி போன தடம் ஒவ்வொன்றும் தெரிய வேண்டும். கேட்லாக்கில் மறைக்கிற தடத்தை இங்கே காட்டுகிறோம்.

நேராக, தட்டையாக எடுத்த ஆவணப் படங்களைப் பார்த்து "இதில் என்ன ஆர்ட் இருக்கு" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு நான் சொல்கிற உதாரணம் ஸ்ரீபுரந்தான் நடராஜர். அரியலூர் மாவட்டத்துக் கோயிலில் இருந்து திருடப்பட்ட சோழர் கால நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2014 செப்டம்பரில் அது இந்தியாவுக்குத் திரும்பி வந்தது. அது இந்தக் கோயில் சிலைதான் என்று காட்ட உதவியவற்றில் ஒன்று, புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1994இல் அந்தக் கோயிலில் எடுத்து வைத்திருந்த படம். அந்த நிறுவனம் 1950களின் நடுவிலிருந்தே தென்னிந்தியக் கோயில்களையும் சிலைகளையும் ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்துச் சேர்த்தது, லட்சத்துக்கும் மேலான படங்கள் இருக்கின்றன. எடுத்தவர்கள் யாரும் திருடனைப் பிடிக்க எடுக்கவில்லை, ஆய்வாளர் ஒருவர் இதை மேசையில் வைத்துப் படிப்பார் என்று எடுத்தார்கள். படிப்பதற்கென்று எடுத்ததால் எதுவும் நிழலில் ஒளியவில்லை. உடைந்த சுடர், வார்ப்பில் விழுந்த சின்னக் குழி, பீடத்தின் ஓரம் போன்ற ஒவ்வொரு சிலைக்கும் தனியான அடையாளங்கள் அந்த மாதிரிப் படத்தில்தான் மாட்டும். மூடுக்காக முக்கால்வாசியை இருட்டில் தள்ளி எடுத்த அழகான படம் நீதிமன்றத்தில் நிற்காது.

இந்தக் குணம் நம் ஊரில் கேமராவுக்கு முன்பே உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் செப்புத் திருமேனிகளின் பட்டியல் வருகிறது. எத்தனை கை, பாதத்திலிருந்து தலைவரை எத்தனை முழம், எத்தனை விரல் உயரம் என்று வரி வரியாக வெட்டியிருக்கிறார்கள். அப்புறம் 1858இல் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், சென்னை மாகாண அரசுக்காகப் படம் எடுத்தவர், அதே கோயிலின் அடித்தளத்தை ஒட்டி நகர்ந்து நகர்ந்து கல்வெட்டை எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அவ்வளவு பெரிய விமானம் தலைக்கு மேலே நிற்கும்போது கீழே குனிந்து எழுத்தை எடுக்கிறவனுக்குத் தான் எதற்கு வந்திருக்கிறோம் என்று தெளிவாகத் தெரிந்திருக்கிறது. (விமானத்தையும் எடுத்தார், அது வேறு.) பெரிய கோயிலுக்கு டிரோனோடு வருகிற இன்றைய கூட்டத்தில் அடித்தளத்தின் பக்கம் திரும்புகிற ஆளைப் பார்ப்பது அபூர்வம்.

சரி, வெளிச்சத்துக்கு வருகிறேன். அறங்காவலர் ஒருவர் புதிதாக வார்த்த உற்சவரைக் கும்பாபிஷேக அழைப்பிதழுக்குப் படம் எடுக்கச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கப்போவது பக்தர்கள். அவர்கள் இந்த முகத்தைக் கேட்லாக் வெளிச்சத்தில் என்றுமே பார்க்கப்போவதில்லை. உற்சவர் வீதிக்கு வருகிறவர், தோளில் தூக்கிய பல்லக்கில், பட்டும் மாலையுமாக, தீவட்டி வெளிச்சத்தில். நாம் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறோம். சோழர் சிலைகளில் இமை கொஞ்சம் தாழ்ந்திருப்பதைக் கவனித்தால் இது புரியும், கீழே நிற்கிறவனைப் பார்க்கிற கண் அது. அருங்காட்சியகங்களில் உத்தரத்திலிருந்து ஸ்பாட்லைட் அடிக்கும்போது புருவத்தின் நிழல் விழுந்து அந்தக் கண் குழியாகிவிடுகிறது. சிலை செய்தவர் நினைத்த வெளிச்சம் அது கிடையாது. அதனால் அழைப்பிதழ் படத்துக்கு நான் கேமராவை இறக்கி, லைட்டையும் முகத்துக்குக் கீழே பக்கவாட்டில் கொண்டுவந்து, நிறத்தைச் சூடாக விடுகிறேன். எண்ணெய் விளக்கின் நிறம் 1900 கெல்வின் சுற்றி இருக்கும், பகல் வெளிச்சம் 5500, எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். கேமராவை ஆட்டோவில் விட்டால் அது அந்த மஞ்சளைத் தப்பு என்று நினைத்துக் கொஞ்சம் கழுவிவிடும். அந்த மஞ்சளுக்காகத்தானே இத்தனை பாடு, அதைக் கேமராவின் முடிவுக்கு விடக்கூடாது.

கீழிருந்து லைட் போட்டால் பேய்ப்படம் மாதிரி இருக்குமே என்று உதவியாளர் பையன் கேட்டான். நேர் கீழே வைத்தால் அப்படித்தான். தீவட்டி பிடிக்கிறவர் எங்கே நடப்பார்? பல்லக்குக்குச் சற்று முன்னால், ஓரமாக. லைட்டையும் அங்கே வை என்றேன். ஊர்வலம் பார்த்திருக்கிறவனுக்கு இதைக் கற்றுக்கொடுக்க யூடியூப் வேண்டாம்.

ஃப்ரேம் விஷயத்தில் எனக்கு வாத்தியார் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் நிற்கிறார். திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர், 1011இல் செய்தது, பக்கத்தில் நிற்கும் தேவி அடுத்த வருஷம் வந்து சேர்ந்தவர். சிவன் ஒரு காலை மாற்றிப் போட்டு ஒயிலாக நிற்கிறார், தலையில் பாம்புகளைச் சுற்றிய முண்டாசு மாதிரியான சடைக்கட்டு, ஒரு கை பக்கத்தில் நிற்கும் காளையின் மேல் சாய்ந்திருக்கிறது. காளைதான் இல்லை. சாய்ந்த கை வெறும் காற்றில் நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள் போனை எடுத்துச் சிலையை மட்டும் நறுக்கென்று ஃப்ரேமுக்குள் அடைத்து எடுக்கிறார்கள், அப்போது அந்தக் கை எதற்கு அப்படி மடங்கியிருக்கிறது என்றே தெரியாமல் விநோதமாகிவிடுகிறது. கைக்குக் கீழே காளையின் அளவுக்கு இடம் விட்டு எடுத்துப் பாருங்கள், படத்தில் காளை வந்து நிற்கும். மூன்றில் ஒரு பங்குக் கோடு, தங்க விகிதம் என்று வகுப்பில் சொல்லித்தருவதெல்லாம் தப்பில்லை, ஆனால் அந்தக் காலியிடத்தை விடு என்று எந்தக் கோடும் சொல்லாது. இங்கே காளை இருந்தது என்று தெரிந்தவன்தான் விடுவான்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த வேலை வார்ப்பு நாள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து செய்த உருவத்தின் மேல் முதலில் காவிரி வண்டல் மண்ணை நைசாகப் பூசி, மேலே தடித்த மண், அதன் மேல் கம்பிக்கட்டு. சூடாக்கி மெழுகை ஓடவிட்டதும் கரு என்கிற அந்த மண் அச்சு உள்ளே வெற்றாகிவிடும். அதைக் குழியில் இறக்கி, வாய் மட்டும் தெரிய மண்ணை அணைத்துவிடுவார்கள். மூசையில் உலோகம் உருகி மேலே பச்சை கலந்த தீ நாக்கு ஆடும். ஒரு பத்திரிகைக்காக இதை எடுக்கப் போனபோது தகரக்கூரை முழுக்க டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது, அந்த வெள்ளைச் சாம்பல் வெளிச்சத்தில் உலோகத்தின் ஆரஞ்சு நிறம் எடுபடவே இல்லை. அவர்கள் வேலையிடத்தில் போய் லைட்டை அணைக்கச் சொல்வது எப்படி என்று தயங்கிக்கொண்டே கேட்டேன்.

"தாராளமா அணைங்க தம்பி. இருட்டா இருந்தாத்தான் எனக்கும் நிறம் தெரியும்" என்றார் பெரியவர்.

உலோகம் ஊற்றும் பதத்துக்கு வந்துவிட்டதா என்று அவர் பார்ப்பது நிறத்தை வைத்துத்தான். எனக்கு வேண்டிய இருட்டும் அவருக்கு வேண்டிய இருட்டும் ஒன்றாக இருந்தது. அன்றிலிருந்து எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதலில், இவர்கள் எந்த வெளிச்சத்தில் எதைப் பார்த்து வேலை செய்கிறார்கள் என்று கவனிக்கிறேன். மரவேலை செய்கிறவர் பலகையை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்ப்பார், பட்டு நெய்கிறவர் இழையை வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார். அவர்கள் ஏற்கெனவே நல்ல வெளிச்சத்தைக் கண்டுபிடித்துதான் உட்கார்ந்திருக்கிறார்கள், அதன் மேல் நாம் கொண்டுபோன எல்இடியை அடிப்பது அநியாயம். அன்றைக்குப் படம் இப்படி வந்தது: உலோகம் மட்டும் எரியாமல் நிறத்தோடு நிற்கும்படி எக்ஸ்போஷரை இறக்கிவிட்டேன், ஊற்றுகிற சில விநாடிகள் மட்டும் பெரியவரின் முகம் கீழிருந்து சிவந்து தெரிகிறது, இடுக்கி பிடித்த இரண்டு பேரும் வெறும் உருவக்கோடு. பத்திரிகைக்காரர்கள் சிலையின் படம் பெரிதாக வேண்டும் என்றார்கள். அந்த நிமிஷத்தில் சிலை மண்ணுக்குள் இருக்கிறது ஐயா, எங்கிருந்து எடுப்பது?

யாருக்கு என்ற கேள்விக்கு யாருக்கும் இல்லை என்ற பதிலும் சில சமயம் வரும். சிலைக்குக் கண்ணைத் திறந்துவிடும் சடங்கான கண் திறப்பு அப்படி. பட்டறையில் மற்ற நாளெல்லாம் "எடுத்துக்கோங்க" என்பவர்கள் அப்போது கேமராவை வெளியே வைக்கச் சொன்னால் வைத்துவிடுவேன். டெலிலென்ஸில் தூரத்தில் இருந்து ஒன்று தட்டிக்கொள்ளலாமே என்று கேட்ட சக போட்டோகிராபர்கள் உண்டு. எடுத்து யாரிடம் காட்டுவது?

இப்போது ஸ்தபதியின் பையனுக்கு ரீல்ஸ் வேண்டுமாம். நிற்கிற அம்மனுக்கும் பெருமாளுக்கும் போனின் நெட்டுக்குத்துச் சட்டகம் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது, நடராஜர்தான் தகராறு. வட்டமான திருவாசியை அகலத்துக்குள் அடக்கினால் மேலேயும் கீழேயும் பாதித் திரை சும்மா கிடக்கிறது. அதைச் சிலை முடிந்ததும் எடுக்க வேண்டாம், மெழுகில் ஒவ்வொரு சுடராக ஒட்டும்போது கிட்டப்போய் எடுப்போம், பார்க்கிறவன் முதல் மூன்று விநாடிக்குள் தள்ளிவிட்டுப் போகாமல் இருக்க விரல் அசைகிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். "யாரு அண்ணே பார்ப்பாங்க?" என்றேன் வழக்கம்போல, அவன் என்னைவிட இருபது வயது சின்னவன் என்பதெல்லாம் பட்டறையில் கணக்கில்லை. வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்கள், ஆர்டர் கொடுக்கிறவர்கள் என்றான். அப்படியானால் விலை கேட்டு வருவார்கள், கடைசியில் உயரமும் எடையும் எழுத்தில் போட்டுவிடு என்றேன்.