ஒரே ஒரு எண்

பிராசசருக்குக் கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சோதிக்கும் எங்கள் கருவியின் பழைய கையேட்டில் ஒரு வரி இருந்தது: "24 மணி நேரம் பிழையில்லாமல் ஓடினால் பிராசசர் நல்ல நிலையில் உள்ளது." கையேட்டைப் புதுப்பித்தபோது அந்த வரியை நான் நீக்கியது சரிதான் என்று இப்போதும் சொல்வேன். ஆனால் நீக்கிய பிறகு நடந்த ஒரு பேச்சு மனதை விட்டுப் போகவில்லை.

மெஷின்களைச் சோதித்து அனுப்பும் சக ஊழியர் புதிய பக்கங்களைப் படித்துவிட்டுக் கேட்டார்: "இதுல நான் எதை, எத்தனை மணி நேரம் ஓட்டணும்? ஒரே ஒரு எண் சொல்லுங்க."

"எதைக் கண்டுபிடிக்கணும்கிறதைப் பொறுத்து" என்றேன்.

"அது தெரிஞ்சா நான் ஏன் உங்க டாக்குமென்ட்டைப் படிக்கிறேன்? ராக்ல மெஷின் நிக்குது. காலையில அனுப்பலாமா வேண்டாமான்னு நான்தான் சொல்லணும்."

நான் சொன்னதில் தவறில்லை. கேஷ் என்ற, பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகத்துக்குள் அடங்கும் சின்னக் கணக்குகளைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், பிராசசரில் கணக்குப் போடும் பகுதிகளான கோர்கள் கொதிக்கும், ஆனால் ராம் பக்கம் வேலையே இருக்காது. பெரிய கணக்குகளைக் கொடுத்தால் ராமோடு பேசும் மெமரி கன்ட்ரோலரும் ராமும் அடி வாங்கும். பிரைம்95 என்ற பிரபலமான சோதனை மென்பொருளில் ஸ்மால் எஃப்எஃப்டி, லார்ஜ் எஃப்எஃப்டி என்று (எஃப்எஃப்டி என்பது அது போடும் கணக்கு முறை) பிரித்து வைத்திருப்பது இதற்காகத்தான். வெப்ப எல்லையைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்ட பிராசசர் 24 மணி நேரம் ஓடிவிட்டது என்றால், முழு வேகத்தில் அது என்ன செய்யும் என்பதற்கு அங்கே பதில் இல்லை. எல்லாக் கோர்களையும் சேர்த்து ஓட்டும்போது தாங்குகிற மெஷின், ஒரே ஒரு கோர் உச்ச வேகத்துக்கு எகிறும் லேசான வேலையில் விழுவதும் உண்டு.

2016 ஜனவரியில் இன்டெல் ஒப்புக்கொண்ட, அதன் ஸ்கைலேக் பிராசசர்களின் பிழையையும் அவரிடம் சொன்னேன். பிரைம்95-இல் ஒரு குறிப்பிட்ட அளவுக் கணக்கு ஓடும்போது மெஷின் உறைந்துபோனது. பிறகு, மெஷினைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அப்டேட்டில் சரிசெய்தார்கள். அந்த அளவைத் தொடாமல் எத்தனை நாள் ஓட்டியிருந்தாலும் அது அகப்பட்டிருக்காது. "அதனால எண் சொன்னா பொய்யாயிடும்" என்றேன்.

"சொல்லலைன்னா ஆளுக்கொரு எண் வெச்சுக்குவாங்க. நானும் ஒண்ணு வெச்சுக்குவேன்."

இந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். எண்ணை எடுத்துவிட்டால் எண் இல்லாமல் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன். அது கையேட்டிலிருந்து மட்டும்தான் போகிறது. இரவில் தனியாக உட்கார்ந்திருப்பவரின் தலைக்குள் வேறு ஏதோ ஒன்றாக இருக்கத்தான் போகிறது. தப்பானால் பழியும் அவருக்குத்தான். கையேட்டில் எண் இருந்தால் "அதில் போட்டிருந்தது" என்றாவது அவரால் சொல்ல முடியும். அவர் கேட்டது அந்தப் பாதுகாப்பைத்தானோ என்று பிறகு தோன்றியது. அப்படியே இருந்தாலும் அதைத் தரக் கூடாது என்று எதை வைத்துச் சொல்வது?

இன்னொரு பக்கத்தையும் விட முடியவில்லை. 2021-இல் கூகுள் பொறியாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரையில், சில கோர்கள் சில கணக்குகளுக்கு மட்டும் சத்தமில்லாமல் தப்பான விடை தருவதைப் பற்றி எழுதியிருந்தார்கள். மெஷின் தொங்காது, ரீபூட் ஆகாது. "நல்ல நிலையில் உள்ளது" என்ற சான்றோடு அப்படி ஒன்று வெளியே போனால், அதனால் பாதிக்கப்படுகிறவருக்குத் தான் பாதிக்கப்பட்டதே தெரியாது. அவருக்காகப் பேச அந்த அறையில் யாரும் இல்லை. நான் பிடிவாதம் பிடித்ததில் அந்த முகம் தெரியாதவரும் இருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியில் முதல் பக்கத்தை மாற்றி எழுதினேன். விடைகளைச் சரிபார்க்கும் வெரிஃபை தேர்வு ஆனில் இருக்க வேண்டும். முதலில் சின்னக் கணக்குகள், பிறகு பெரியவை, அதன்பின் ஒவ்வொரு கோராகத் தனித்தனியே. சோதனையின் பதிவான லாகில் என்ன பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தேன். பிரைம்95-இல் "ரவுண்டிங் 0.5 வந்தது, 0.4-க்குக் கீழே இருந்திருக்க வேண்டும்" என்ற பொருளில் ஒரு வரி வரும். கணக்கு தப்பிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கணக்கை ஓட்டிய வொர்க்கர் என்ற பகுதி மட்டும் நின்றுவிடும், மற்றவை ஓடிக்கொண்டே இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் சோதனை நன்றாகப் போவது போலவே தெரியும். எங்கள் கருவியும் அப்படித்தான். ஒரே ஒரு பிழை வந்தாலும் மெஷினை நிறுத்தி வை என்று தயங்காமல் எழுத முடிந்தது. பிழை வராவிட்டால் என்ன எழுதுவது என்பதற்குத்தான் நேரம் பிடித்தது. "இந்தச் சுமைகளில் இவ்வளவு நேரத்தில் பிழை தென்படவில்லை" என்று வைத்தேன்.

எண்ணையும் திரும்பப் போட்டேன், அதே 24. இது நம் சோதனைக்கூடம் நேரத்தையும் செலவையும் பார்த்து வைத்துக்கொண்ட அளவு, பிராசசருக்கான உத்தரவாதம் அல்ல என்று பக்கத்திலேயே எழுதினேன். சக ஊழியருக்குத் திருப்தி. எனக்கு அரைகுறை. அவசரத்தில் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு பக்கத்து வாக்கியத்தை விட்டுவிடுவார்கள் என்று தெரிந்தேதான் போட்டேன். போடாமல் இருந்திருந்தால் இன்னும் நேர்மையாக இருந்திருக்குமா, இல்லை என் பங்குக்கு மட்டும் கை கழுவியது போல ஆகியிருக்குமா? சில நாள் ஒன்று சரியாகப் படுகிறது, சில நாள் மற்றது.

இப்போது பெரிய கோர், சின்னக் கோர் கலந்த மெஷின்கள் எங்கள் சோதனைக்கூடத்துக்கும் வரத் தொடங்கியிருக்கின்றன. இரண்டு வகைக்கும் ஒரே நேரம் போதுமா என்று மறுபடி பார்த்தாக வேண்டும். இந்தத் தடவை எண்ணுக்குப் பக்கத்தில் அதை முடிவு செய்தவரின் பதவியும் தேதியும் அச்சாக வேண்டும் என்று மேலதிகாரிகளுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.