மியாட்டா: 1989 வண்டியும் இன்றைய வண்டியும்

ஸ்போர்ட்ஸ் காரில் புதிய தலைமுறை வந்தாலே வண்டி ஒரு சுற்றுப் பெருத்துவிடும். கூரையை மடிக்கக்கூடிய இரண்டு இருக்கை மாஸ்டா மியாட்டா இதற்கு அபூர்வமான விலக்கு. 2015-ல் வந்த நான்காம் தலைமுறை என்டி, 1989-ல் சிகாகோ மோட்டார் ஷோவில் அறிமுகமான முதல் தலைமுறை என்ஏவைவிட நீளத்தில் குறைவு. ஜப்பான் மாடலின் எடை 1989-ல் 940 கிலோ, 2015-ல் 990. ஏர்பேக்கும் விபத்துப் பாதுகாப்புக் கட்டமைப்பும் சேர்ந்தும் 50 கிலோதான் கூடியிருக்கிறது என்பது பெரிய சாதனை.

கியர்பாக்ஸையும் பின் டிஃபரென்ஷியலையும் (இன்ஜின் சக்தியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பகுதி) இணைக்கும் நீளமான அலுமினியச் சட்டம் இரண்டிலும் உண்டு. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி தயங்காமல் பாய்வதற்கு அதுவும் ஒரு காரணம். வித்தியாசம் தெரிவது ஸ்டியரிங்கில். பவர் ஸ்டியரிங் இல்லாத என்ஏவில் முன் டயர் பிடியை இழக்கத் தொடங்குவது உள்ளங்கையிலேயே தெரியும். என்டியின் மின் ஸ்டியரிங் துல்லியமானது, ஆனால் அந்தச் சேதி பாதிதான் வந்து சேர்கிறது. மற்றபடி பிரேக், வேகம், தினசரி ஓட்டம் எல்லாவற்றிலும் என்டிதான் மேல்.

பழைய என்ஏவை வாங்குபவர்கள் இன்ஜினுக்கு முன் பாடியைப் பார்க்க வேண்டும். பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், கதவுக்குக் கீழே உள்ள தகட்டை விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டால் உள்ளே துரு, அல்லது துருவை மூடிய பட்டிப் பூச்சு. துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள இரண்டு குழாய்கள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். இலைதழை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கித் தகட்டை அரிக்கும். வருடம் இருமுறை மெல்லிய பிளாஸ்டிக் குழாயை விட்டு அடைப்பை எடுங்கள். விறைப்பான கம்பி வேண்டாம், வடிகுழாய் கிழிந்துவிடும்.

1991 நடுப்பகுதி வரை வந்த 1.6 லிட்டர் என்ஏ இன்ஜின்களில் கிராங்க்கின் (இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டு) முனை குட்டை. அந்த முனையில் மாட்டிய புல்லியில் நான்கு பிளவு இருந்தால் அந்த ரகம், எட்டு இருந்தால் பிந்தையது. இன்ஜின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றும்போது கிராங்க் முனையின் போல்ட்டைச் சரியான டார்க்கில் (முறுக்கு அளவில்) இறுக்காவிட்டால், முனையைப் பூட்டும் சிறு உலோகத் துண்டான கீ ஆடி, அது உட்காரும் காடியைத் தின்றுவிடும். டைமிங் பின்தங்கி இழுவை குறையும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது புல்லி தள்ளாடுகிறதா என்று பாருங்கள். தள்ளாடினால் அந்த வண்டியை விட்டுவிடுவதே மேல், ஏனென்றால் முறையான தீர்வு கிராங்க்கையே மாற்றுவதுதான்.

என்ஏவின் கூரையை மடிக்கும் முன் பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னலின் ஜிப்பைத் திறந்து ஜன்னலைப் படுக்க வைக்க வேண்டும். அப்படியே மடித்தால் மடிப்பில் வெடிப்பு விழும். என்டியில் கண்ணாடி ஜன்னல், நடுவில் ஒரே கொக்கி. உட்கார்ந்தபடியே பின்னால் தள்ளிவிடலாம்.

டைமிங் பெல்ட் தலைவலியும் என்டியில் இல்லை, செயின்தான். அதில் கவனிக்க வேண்டியது ஆரம்பகால வண்டிகளின் ஆறு கியர் பாக்ஸ். இரண்டாம், மூன்றாம் கியர்களில் மிதமான வேகத்தில் ஓட்டி, முனகலோ கரகரப்போ வருகிறதா என்று கேளுங்கள்.

என்ஏவில் கியர் லீவர் சொரசொரவென்று விழுந்தால் பாக்ஸைக் கழற்ற ஓடாதீர்கள். லீவரின் அடியில் உள்ள கிண்ணத்துக்குத் தனி ஆயில் உண்டு, 80 முதல் 95 மில்லிதான். அது வற்றியிருக்கும். பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்துப் புதியதை ஊற்றி, லீவரைச் சுற்றிய, கிழிந்த ரப்பர் பூட் (உறை) இரண்டையும் மாற்றினால் லீவர் மறுபடி சுத்தமாக விழும், கியர் பக்கமிருந்து வரும் அனலும் குறையும்.